கருகவிட்ட ஸ்கோன்

பெங்களூருக்கு வெளியே, ஏரிக்கரையில் கேம்பிங். நாங்களும் என் கணவரின் ஆபீஸ் நண்பர்களும் குடும்பத்தோடு ஆடுகோடியிலிருந்து கிளம்பினோம். எனக்குப் பரிசலில் போகத்தான் ஆசை. ஆனால் இவர் முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவிட்டார்: “இவ சுடற ஸ்கோனுக்கு முன்னாடி பேக்கரி பன்னெல்லாம் நிக்காது.”

மாவு, வெண்ணெய், இரும்புச் சட்டி எல்லாம் என் முன்னால் வந்திறங்கின. ஸ்கோன் ஒருவித வெண்ணெய் பன்; அது வேக, பிரியாணிக்கு தம் போடுவதுபோல் மூடிமேலும் தணல் பரப்ப வேண்டும். கொஞ்சம் அசந்தால் அடிபிடித்துவிடும். “நீ பார்த்துக்கோ, இதோ வந்துடறோம்” என்று இவரும் மற்றவர்களோடு பரிசலுக்குப் போய்விட்டார். அவர்கள் சிரிப்பது கரைவரை கேட்டது. எனக்குப் புகையில் கண் எரிந்தது.

வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தணலை அள்ளிச் சட்டிக்கு அடியில் தள்ளினேன். கருகட்டும், இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

திரும்பி வந்தவர்கள் கருகிய அடியைச் சுரண்டிவிட்டு, ஜாம் தடவி ஒன்றுவிடாமல் சாப்பிட்டார்கள். “புகை வாசனை சூப்பர் அண்ணி. அடுத்த ட்ரிப்புக்கும் இதேதான்” என்றார் ஒரு நண்பர். இவர் பெருமையாக என்னைப் பார்த்தார்.

முடியாது என்று நான் வாயால் சொல்லாததைச் சட்டியா சொல்லும்? அது அன்றே புரிந்துவிட்டது.

இந்தச் சனிக்கிழமை மறுபடி கிளம்புகிறோம். மாவைச் சலித்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன்.