டீச்சர் வீட்டு இரண்டு கட்டில்கள்

லேஸ் அக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள். ஜன்னல் திரைக்கு லேஸ், கட்டிலைச் சுற்றித் தொங்கும் ஃப்ரில், திரையை ஒதுக்கிக் கட்டும் கயிற்றின் நுனியில் ஆடும் குஞ்சம், எல்லாம் அவள் வீட்டு முன்னறையில்தான் உருவாகும். லாரி ஓட்டும் புருஷன் கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டான். பக்கத்து வீட்டிலேயே தங்கை இருந்ததால் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. வாயில் குண்டூசியைக் கவ்வியிருக்கும்போது மட்டும்தான் அக்கா பேசமாட்டாள் என்று தங்கை புருஷன் கிண்டலடிப்பான்.

சொந்தக்காரர்களையே கூடத்தோடு நிறுத்திவிடும் வீடுகளில்கூட அவளைப் படுக்கையறை வரைக்கும் கூட்டிப் போவார்கள். அளவெடுக்க வேண்டுமே. ஃப்ரில் தரைக்கு ஒரு விரல் மேலே நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கூட்டும்போது அழுக்காகிவிடும். அதற்காகக் கட்டிலுக்கு அடியில்கூடத் தலையை விட்டுப் பார்ப்பாள். பார்த்ததையெல்லாம் சாப்பிடும்போது தங்கை வீட்டில் நடித்துக் காட்டுவாள். வஞ்சகம் ஒன்றும் கிடையாது. நாலு பேர் சிரித்தால் அவளுக்கு அன்றைய அலுப்பு போய்விடும்.

அப்படித்தான் கணக்கு டீச்சர் வீட்டுக்கும் போனாள். டீச்சர் அதிகம் பேசாதவர். புதிதாகக் குடிவந்த வீடு. ஒரு அறையில் ஒற்றைக் கட்டில், தலைமாட்டில் அவருடைய மூக்குக் கண்ணாடி. கூடத்தைத் தாண்டி இன்னொரு அறையிலும் ஒற்றைக் கட்டில், ஆணியில் ஆம்பிளைச் சட்டைகள்.

"இதுக்கும் அதே நீல லேஸ் வச்சிடலாமா டீச்சர்?"

"வேண்டாம். அவருக்கு நீலம் பிடிக்காது. பழுப்பு வச்சிடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கே அக்கா தங்கை வீட்டில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள்.

"கட்டிலும் ரெண்டு, ரூமும் ரெண்டுடி! விளக்கை அணைச்சா ஆளுக்கொரு திசை. அம்மா பக்கம் நீலம், ஐயா பக்கம் பழுப்பு. எல்லைக்கோட்டை நான்தான் தைக்கணும்!"

தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொடுத்தபடியே அக்கா, "வெளிய சொல்லித் தொலைக்காதே" என்றாள். தங்கைக்கு வேலை அந்த டீச்சரின் பள்ளிக்கூட ஆபீஸில்தான். அது அக்காவுக்குத் தெரியாததல்ல.

சில நாள் கழித்துத் தங்கை குதித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இன்னைக்கு என்ன கூத்து தெரியுமா? எல்லாரும் டீ குடிச்சிட்டு இருக்கும்போது டிராயிங் மாஸ்டர் கேட்டுட்டாரு, 'டீச்சர், உங்க பக்கம் நீலமா, பழுப்பா?'ன்னு. அவங்க மூஞ்சி போன போக்கைப் பாத்திருக்கணுமே!"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நீலம், பழுப்பு. அவள் சொன்ன வார்த்தை அப்படியே போய் உட்கார்ந்திருக்கிறது. டீச்சர் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்த அறைகளுக்குள் வந்துபோன வெளியாள் ஒருத்திதான்.

தைத்து முடித்த ஃப்ரில்கள் இரண்டும் மேஜைமேல் மடித்தபடி கிடந்தன. வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடலாமா என்று நினைத்தாள். அந்த நினைப்பே இன்னும் கேவலமாக இருந்தது. தானே எடுத்துக்கொண்டு போனாள்.

டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"உள்ள வந்து மாட்டிக் குடுத்துடறேன் டீச்சர்."

"குடுங்க. நானே மாட்டிக்கிறேன்."

"டீச்சர், நான்... வாய் தவறி..."

"தவறிப் போச்சா?" டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுல யார் எங்க படுக்கறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் கதவைத் திறந்துவிட்டேன். அதனாலதானே?"

கூலியை எண்ணாமல் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கட்டில் கனமானது, ஒரு ஆள் இழுக்கக்கூடியதல்ல. அக்காவுக்கு அது தெரியும். உதவிக்கு வரட்டுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சத்தம் நிற்கும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு இறங்கினாள்.

அன்றைக்கே தங்கையிடம் போனாள். "நான் சொன்னது பொய்டி. ரெண்டாவது கட்டில் விருந்தாளிங்களுக்கு. சும்மா சிரிக்கறதுக்காகக் கதை கட்டினேன். பள்ளிக்கூடத்துல சொல்லிடு."

"அப்ப நான் பொய் சொல்லி ஊரைச் சிரிக்கவச்சேனா?" தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் மானத்தை வாங்கிட்டியே!"

"ஆமா. என் பேரைச் சொல்லியே சொல்லு."

தங்கை சொன்னாள். சொன்ன வேகத்தில் அதுவும் பரவியது. இல்லாததை இட்டுக்கட்டுகிறவள் என்று அக்காவுக்குப் பெயர் வந்தது. வழக்கமாகக் கூப்பிடும் வீடுகளில் சிலது கடையிலேயே லேஸ் வாங்கிக்கொண்டன. இன்னும் சிலர் திரையைக் கொண்டுவந்து அவள் வாசலில் கொடுத்தார்கள், உள்ளே கூப்பிடவில்லை. அக்கா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போவதும் குறைந்தது. போனாலும் தங்கை புருஷன்தான் பேசினான்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் டீச்சரும் வந்து நின்றார். அக்கா முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சரே கிட்டே வந்தார்.

"நீங்க சொன்னது பொய்னு நீங்களே சொல்லிட்டு இருக்கீங்களாமே?"

"ஆமாங்க டீச்சர்." ஏதோ ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று அவளுக்கு ஒரு சின்ன நப்பாசை.

"இப்ப அதுக்கும் ஆளாளுக்கு வந்து கேக்கறாங்க, 'அப்ப ஒரே ரூம்தானா டீச்சர்?'னு. நான் என்னங்க பதில் சொல்றது?"

அக்காவுக்குக் காது மடல் எரிந்தது. இதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. நிஜத்தைச் சொல்லியும் பொய்யைச் சொல்லியும் அதே வீட்டைத்தான் தெருவுக்கு இழுத்திருக்கிறாள்.

"விட்டுடுங்க. இனிமே எங்களைப் பத்தி எதுவுமே சொல்லாதீங்க. நல்லதும் வேண்டாம்."

"சரிங்க" என்றாள்.

பஸ் வந்தது. டீச்சர் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். அக்கா போகவேண்டியதும் அதே பஸ்தான். கண்டக்டர், "ஏறுங்கம்மா, இடம் இருக்கு" என்று கூப்பிட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடக்க ஆரம்பித்தாள்.