முடிஞ்சுதா, முடியலையா?

இந்த ஒரே கேள்வியோடு அக்கா குழாயைத் திறந்து தண்ணீர் கொட்டுகிறதா என்று பார்க்கிறார். அடைத்துவிட்டு, சொட்டுகிறதா என்றும் குனிந்து பார்க்கிறார். அடுத்தது கதவு. தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, தோளால் ஓர் இடி. பக்கத்தில் நிற்கும் தச்சருக்குத் தன் நெஞ்சிலேயே இடி விழுந்த மாதிரி இருக்கிறது.

"ஒரு கீல் மட்டும்தான் பாக்கி. மத்ததெல்லாம் ஆயிடுச்சு."

"ஒரு கீல் பாக்கின்னா கதவு முடியல. சைபர்."

கட்டடம் முழுக்க அவருக்குச் சைபர் அக்கா என்று பெயர் விழுந்தது இப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக எழும்பும் நான்கு மாடிக் கட்டடம் அது. எந்த வேலை என்று தொடங்கும், எத்தனை ஆள் வேண்டும், என்ன செலவாகும், எதுவரை வந்திருக்கிறது என்று திட்டம் போட்டுக் கண்காணிப்பது அக்காவின் உத்தியோகம். தகரக் கொட்டகை அலுவலகத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு அவருடைய அட்டவணை தொங்குகிறது. முடிந்த வேலைக்குப் பச்சை, நாள் தவறியதற்குச் சிவப்பு. நடுவில் ஒரு மஞ்சள் இருக்கட்டுமே என்று மேலாளர் கெஞ்சிப் பார்த்தார். "மஞ்சள் வந்தா எல்லாரும் அதுலயே குடித்தனம் பண்ணிடுவாங்க சார்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் அக்கா.

கறார்தான், ஆனால் ஆளைத் தெரிந்துவைத்திருக்கிற கறார். பெயின்டர் "நாளைக்கு" என்றால் அடுத்த வாரம் என்று எழுதிக்கொள்வார். மின்சாரக்காரர் ஒரு வாரம் கேட்டால் பாதிதான் தருவார்; பயந்துபோய்க் கூட்டிக் கேட்கிற மனுஷன் அவர். கிரேனை வாடகைக்கு எடுத்திருக்கும் நாளில் அக்காவுக்குச் சோறு இறங்காது. அது சும்மா நின்றாலும் வாடகை ஓடுமே. ஆனால் ஏன் தாமதம் என்று யாரையும் கேட்க மாட்டார். "ஏன்னு கேட்டா கதை சொல்வாங்க. எதுக்காகக் காத்துட்டு இருக்கீங்கன்னு கேட்டா விஷயத்தைச் சொல்வாங்க." சொன்னால் போதும், மணலோ ஆணியோ யாருடைய கையெழுத்தோ, சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்துவிடும்.

வீட்டிலும் இதே பாடுதான். "சமையல் ஆயிடுச்சு, அடுப்பை அணைக்கணும், அவ்வளவுதான்" என்பார் கணவர். "அப்ப ஆகலைன்னு சொல்லுங்க." மகள் இப்போதெல்லாம் வீட்டுப்பாடத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. முடித்த நோட்டை அம்மாவின் மடியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

மாடிப்படிக் கைப்பிடிகளைப் பொருத்தும் வெல்டர், அக்காவின் கூடப்பிறந்த தம்பி. வேலைக்கு வந்த முதல் நாளே அவரை வாசலில் நிறுத்தி, "இங்க நான் உனக்கு அக்கா இல்ல, புரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரனுக்குச் சலுகை என்று ஒரு வாயிலும் வந்துவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயத்தில், எங்கே ஆள் குறைந்தாலும் அக்காவின் கை முதலில் போவது தம்பியிடம் இருக்கும் ஆள் மீதுதான். கேட்டால் பாரபட்சம் பார்ப்பதில்லையாம். இதுவும் பாரபட்சம்தான் என்று அவரிடம் போய் யார் சொல்வது?

போன வியாழக்கிழமைக் கூட்டத்தில், கைப்பிடி வரிசைக்கு மூன்றாவது வாரமாகச் சிவப்பு. மூன்று வாரம் தொடர்ந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த விதியை எழுதியதே அக்காதான். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்ற அவசரம் மேலாளருக்கு.

"கடைசி மாடிப்படி ஒண்ணுதானே பாக்கி? பச்சை போட்டுடுங்களேன்" என்றார், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

"கைப்பிடி இல்லாத படியில பிள்ளைங்களை ஏத்துவீங்களா சார்? சிவப்புதான்." தம்பியிடம் திரும்பினார். "எதுக்காகக் காத்துட்டு இருக்கீங்க?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒரு ஆளுக்காகத்தாங்க. கூட ஒருத்தர் குழாயைப் பிடிச்சாத்தான் நேரா ஒட்ட முடியும். என் ஆளை நீங்க லிஃப்ட் குழிக்கு அனுப்பிட்டீங்க. கம்பியால கட்டிவச்சு ஒட்டறேன், கோணிக்குது. வெட்டிட்டு மறுபடி ஒட்டறேன்."

"ஏன்டா சொல்லல?"

அந்தக் கொட்டகையில் அக்கா 'ஏன்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"அக்காகிட்டன்னா சொல்லியிருப்பேன்."

அக்கா எழுந்துபோய் அட்டவணையைப் பார்த்தார். அந்த ஆளை லிஃப்ட் வரிசையில் எழுதியவர், கைப்பிடி வரிசையில் அடிக்க மறந்திருந்தார். அட்டவணைப்படி, ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்.

"சிவப்பு சிவப்புதான் சார். ஆனா தப்பு அவனுது இல்ல, என்னுது" என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

மேலாளர் மணியைப் பார்த்தார். "சாயங்காலம் நான் படியேறி வர்றப்ப முடிஞ்சிருந்தா அவரே இருக்கட்டும். இல்லன்னா உங்க விதிதான் மேடம். குழியில கான்கிரீட் ஓடுது, அங்கேர்ந்து ஒரு ஆளையும் எடுக்க முடியாது."

மதியம் நான்காம் மாடிப்படியில், கைக்குப் பொருந்தாத தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு அக்கா நின்றார்.

"எங்க பிடிக்கணும்?"

"வேணாங்க, சுடும்."

"எங்கடா பிடிக்கணும்?"

தம்பி இடத்தைக் காட்டினார். அக்கா இரண்டு கையாலும் குழாயை இறுக்கிப் பிடித்து, வெளிச்சம் கண்ணில் படாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பொறி பறந்தது. பையில் கைப்பேசி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. கீழேயிருந்து மேலாளரின் குரல் வந்தது: "மேடம், பெயின்டருக்கு என்னிக்குன்னு சொல்றது?"

தம்பி கையை நிறுத்திவிட்டு, முகமூடியைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அக்கா பிடியை விடவில்லை. "நீ ஒட்டு" என்று மோவாயை அசைத்துக் காட்டிவிட்டு, மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.