நாலு தினுசு ரொட்டி

வெளியூரிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்கள் காலையில் ரொட்டிக்கடைப் பக்கம் நடந்து போனால், நின்று மூச்சை இழுத்து, என்ன வாசனை என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்கள். நான் அந்தக் கடை வருவதற்கு முன்பே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். என் பிள்ளைகளுக்கு இது ஒரு வேடிக்கை. புது ரொட்டியின் வாசனை பட்டால் எனக்கு நாக்கு கசந்துவிடும். அதற்கு எங்கள் பெரியப்பாதான் காரணம். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. புதுச்சேரியை ஒட்டிய சாரத்தில் பெரியப்பாவின் வீட்டில் இருந்தோம். அப்பா வேலை பார்த்த மில் ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் கதவடைப்பு. ஒரு கதவடைப்பு நீண்டுகொண்டே போக, அப்பா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு பிள்ளைகள் எங்கள் மூன்று பேரையும் அம்மாவையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். பெரியம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் இருந்தது பெரியப்பாவும், அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கையான, கல்யாணம் ஆகாத அத்தையும்தான். அவள் முப்பதை எட்டிக்கொண்டிருந்தாள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் பெரியப்பா ஏதாவது குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார். பிறகு வருகிறவர்களே நின்றுபோனார்கள்.

பெரியப்பா ஒரு பிரெஞ்சு அதிகாரிக்குக் கார் ஓட்டியவர். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரியப்பாவை விட்டு மட்டும் அவர்கள் போகவில்லை. காலையில் "போன்ழூர்" சொல்லித்தான் எங்களை எழுப்புவார். பதில் சொல்லாவிட்டால் காதைத் திருகுவார். சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போவார். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, "கடற்கரைக்குப் போயிருக்கிறார்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை அப்பா மெதுவாக, "கொஞ்சம் கொறச்சிக்கக் கூடாதா அண்ணா" என்று கேட்டுவிட்டார். பெரியப்பா உள்ளே போய் எங்கள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் வைத்தார். அப்பாவும் அம்மாவும் கதவோரம் நின்றார்கள். கடைசியில் அத்தைதான் அவர் காலைப் பிடித்துக் கெஞ்சி, பெட்டியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அப்பா அண்ணனிடம் எதையும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போது பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குகிற இடத்தில் பெரியப்பா ஒரு சம்பந்தத்தைப் பிடித்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தாவின் விதவைக்கு ஒரே மகன், பிரான்ஸில் கார் கம்பெனியில் வேலை. லீவில் வரும்போது பெண் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று அந்த அம்மாள் அவசரப்பட்டார். நகை நட்டு உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, மீன் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இரண்டு விஷயம் கேட்டாராம். அவருடைய புருஷன் குடித்தே பென்ஷனையும் உடம்பையும் தீர்த்தவர் என்பது ஊருக்கே தெரியும். அதனால் குடிக்கிற வீட்டில் மட்டும் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். இரண்டாவது, அந்தக் குளிரில் போய் உட்கார்ந்துகொண்டு சோறு சோறு என்று அழாத பெண்ணாக இருக்க வேண்டும்.

"எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடயாதும்மா" என்று பெரியப்பா முதல் கேள்விக்குச் சொன்னார். இரண்டாவதற்கு, "எங்க பொண்ணு வீட்டுலியே நாலு தினுசு ரொட்டி சுடும்" என்றார். இரண்டு பதிலும் ஒரே முகத்தோடு சொல்லப்பட்டவை.

அத்தைக்கு அதுவரை ரொட்டி என்றால் காய்ச்சல் வந்தால் பாலில் நனைத்துச் சாப்பிடுகிற பண்டம். மாப்பிள்ளை வர மூன்று மாதம் இருந்தது. அதற்குள் பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும் என்று பெரியப்பா கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார். துரை வீட்டுச் சமையற்கட்டு வாசலில் காரைத் துடைத்துக்கொண்டே குசினிக்காரர் ரொட்டி சுடுவதைப் பார்த்திருக்கிறாராம். அந்தப் படிப்பை வைத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில் செங்கல்லும் களிமண்ணுமாக ஆமை முதுகு போல ஒரு அடுப்பு கட்டினார். உள்ளே சவுக்குக் கட்டையை எரித்து, சாம்பலை வழித்துப் போட்டுவிட்டு, ஒரு கை மைதாவை விசிறிப் பார்க்க வேண்டும். மாவு உடனே கருகினால் சூடு அதிகம். மெதுவாகச் சிவந்தால் ரொட்டியை உள்ளே தள்ளி, வாயைத் தகரத்தால் மூடி, ஓரத்தை ஈரக் களிமண்ணால் பூசிவிட வேண்டும்.

மாவு பொங்குவதற்குக் கள் ஊற்றுவார்கள். எங்கள் ஊரில் பழைய ரொட்டிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. கள் வாங்கும் பொறுப்பைப் பெரியப்பாவே ஏற்றுக்கொண்டார். அவருக்குக் கள்ளுக்கடைக்குப் போக ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது. காலையில் ஒரு பெரிய தூக்கு நிறைய வரும். ரொட்டிக்கு வேண்டியது அடியில் தங்குகிற மண்டி மட்டும்தான், மேலே தெளிந்திருப்பது வீண் என்று அவர் விளக்கினார். அவர் எதையும் வீணாக்கமாட்டார். மேலே இருப்பதையெல்லாம் அவரே குடித்துவிட்டு மண்டியை அத்தையிடம் கொடுப்பார். "ஒங்க அண்ணனுக்கு ரொட்டி மேல எவ்ளோ அக்கற பாரு" என்று அம்மா அத்தையிடம் குசுகுசுப்பாள். அத்தை சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

முதலில் சுட்ட ரொட்டியைக் கோழி கூடச் சீந்தவில்லை. தம்பி அதற்கு நடுவில் ஓட்டை போட்டுக் குச்சியைச் சொருகி வண்டி ஓட்டினான். அடுத்தது மேலே கரி, உள்ளே களி. அத்தையின் முழங்கை வரை தீக்காயம். ஆனால் கொஞ்ச நாளில் அவள் கைக்கு மாவு பிடிபட்டுவிட்டது. குச்சி மாதிரி நீளமாக ஒன்று, கையால் பிட்டால் மேலோடு நொறுங்கும். பால் ஊற்றிப் பிசைந்த உருண்டை ரொட்டி ஒன்று. சோம்பு போட்டது ஒன்று. நாலாவது எங்களுக்குப் பிடித்தது, பின்னல் போலப் பின்னி, மேலே சர்க்கரை தூவிச் சுட்டது. அது பெரியப்பா சொல்லிக் கொடுத்ததல்ல, அத்தையே யோசித்தது. எனக்குத் தலை பின்னிவிடும்போது அவளுக்குத் தோன்றியதாம்.

அந்த மூன்று மாதம்தான் நான் அத்தையைச் சந்தோஷமாகப் பார்த்தேன். மாவு பிசையும்போது பாடுவாள். "அங்க பனி கொட்டுமாம்டி, அடுப்புகிட்ட குந்தினா எதமா இருக்கும்" என்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தை போய்விட்டால் சர்க்கரை ரொட்டியும் போய்விடும். அவர்கள் வராமல் இருக்க வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் வைப்பது வழக்கம். பெரியப்பா அதைக் கிட்டேயே விடவில்லை. வெள்ளை பேன்ட், கோட்டு, கழுத்தில் ஒரு கைக்குட்டை சகிதம் உட்கார்ந்து, தாம்பாளத்தில் நாலு தினுசையும் அடுக்கிக் கொண்டுவரச் சொன்னார். அத்தை இருட்டு பிரிவதற்கு முன்பே எழுந்து புகையில் நின்றவள். அவசரமாகக் குளித்துப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர், தலையில் லேசாக நரை. சர்க்கரை ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் நீங்களேவா செஞ்சீங்க?"

அத்தை தலையாட்டினாள்.

"அங்க வீட்டுல யாரும் ரொட்டி சுடமாட்டாங்க. தெருவுக்குத் தெரு கடை இருக்கு, வாங்கிக்கினு வந்துடுவோம்" என்று சொல்லிச் சிரித்தார். கேலியாக இல்லை. "நான் அங்க ஏங்கிக் கெடக்கறது மீன் கொழம்புக்கு." பெரியப்பாவின் முகம் ஒரு நிமிடம் தொங்கிப் போனது. ஆனால் மாப்பிள்ளை இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். "இந்த மாதிரி நான் கடையிலயும் தின்னதில்ல" என்றார். அத்தை குனிந்த தலை நிமிராமல் சிரித்தது எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த அடுப்பைப் பார்க்கலாமா என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். அத்தை பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அடுப்பைச் சுற்றிப் பார்த்தவர், கிணற்றடியில் ஈரச் சாக்கு மூடிய பானையைப் பார்த்தார். சம்பந்தம் முடிந்த பிறகு கொண்டாட என்று பெரியப்பா அன்றைக்குத் தூக்கு போதாமல் பானையாகவே வாங்கி வைத்திருந்தார். அந்த அம்மாள் சாக்கை விலக்கினார். வாடை அவருக்குப் பழக்கமானது.

"இது என்னாம்மா?"

"மாவு பொங்கறதுக்குங்க."

"ஒரு பான கள்ளா?"

அந்த அம்மாள் விறுவிறுவென்று கூடத்துக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே கேட்டார். "வீட்டுல யாரு குடிக்கிறது? எனக்கு நேரா சொல்லிடுங்க."

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். அப்பா பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது நல்ல பழக்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "பெரி..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது.

பெரியப்பா கழுத்துக் கைக்குட்டையைச் சரி செய்துகொண்டார்.

"நான் அத கையால கூடத் தொட்டதில்லம்மா. தம்பியும் அப்படித்தான். ரொட்டிக்குன்னு சொல்லிப் பொம்பளைங்கதான் வாங்கி வெச்சிக்கிறாங்க. அடுப்பாங்கரையில இன்னா நடக்குதுன்னு ஆம்பளைங்களுக்கு எங்க தெரியுது?"

அந்த அம்மாள் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். புகையில் நின்று நின்று அத்தையின் கண்கள் சிவந்திருந்தன. எத்தனை முறை கழுவியும் கையில் அந்தப் புளித்த வாடை போகவில்லை. எழுந்து நின்ற மாப்பிள்ளைதான், "நீங்க சொல்லுங்க" என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

அத்தை தன் பெரிய அண்ணனைப் பார்த்தாள். சின்ன அண்ணனைப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த எங்கள் தகரப் பெட்டிமேல் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"அண்ணன் குடிக்க மாட்டாருங்க" என்றாள்.

அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை தெருமுனையில் ஒருமுறை நின்றார், பிறகு அவரும் போய்விட்டார். அந்த லீவிலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார் என்று கேள்விப்பட்டோம். எங்கள் தெருவில் அத்தைக்குக் கள்ளுக்காரி என்று பெயர் வந்தது. அந்தப் பெயருக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் யாரும் பெண் கேட்டு வரவில்லை. பெரியப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் காலையில் புது ரொட்டி தின்று அவருக்குப் பழகிவிட்டது. சாகும்வரை தினமும் தூக்கில் கள் வந்தது. தெளிவைக் குடித்துவிட்டு மண்டியைக் கொடுத்தார், அத்தை வாங்கி மாவில் ஊற்றினாள். வயிறு எரிகிறது எனக்கு, இப்போது எழுதும்போதும்.

அன்று மத்தியானம் அவர்கள் போன பிறகு தாம்பாளம் அப்படியே இருந்தது. அப்பா வெளியே போய்விட்டார். அம்மா அத்தையின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என்னால பேச முடியலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தை கையை விடுவித்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டு ரொட்டியைப் பங்கு போட்டாள். மாப்பிள்ளைக்கென்று சுட்ட பெரிய சர்க்கரைப் பின்னல் என் பங்குக்கு வந்தது.

"அத்த, நீ பிரான்ஸுக்குப் போவ மாட்டதான?"

"போவல."

"அப்ப தெனமும் சுடுவியா?"

"சுடறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமி நான் கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். எங்கள் பெட்டி தெருவுக்குப் போகாமல் மூலையிலேயே இருந்ததற்கும் அத்தை எங்கும் போகாமல் எங்களோடு இருந்துவிட்டதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே முழு ரொட்டியையும் தின்றேன். போதாமல் இன்னொரு துண்டு கேட்டேன். அத்தை தன் பங்கை எடுத்துக் கொடுத்தாள்.