ஜி இல்லாத பாட்டு

1975-ஆம் வருடம் ஏப்ரல் மாதம் 27-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி நாற்பது நிமிடம். கோடை மழை கொட்டித் தீர்த்துவிட்டுத் தூறலாகியிருந்தது. பெங்களூரிலிருந்து ஓசூர் வரும் சாலையில், எல்லையைத் தாண்டியதும் இருந்த வரி செக்போஸ்டின் மூங்கில் தடுப்புக்கு முன்னால் எங்கள் லாரி நின்றது. லாரியில் நாங்கள் நான்கு பேர்: ஓட்டிவந்த பாய், அப்பா, அப்பாவின் தங்கையான அத்தை, பதினொரு வயதில் நான். பின்னால் தார்ப்பாயின் கீழ் இரண்டு டிரங்குப் பெட்டிகளும் அத்தையின் பியானோவும்.

நேரம் எனக்கு இத்தனை துல்லியமாகத் தெரியக் காரணம் அப்பா. அன்றைக்கு வழியெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டு மணி சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லிவிட்டுத் தலையை வெளியே நீட்டி, வந்த வழியைப் பார்ப்பார். மழை பின்னால் துரத்தி வருகிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அத்தை பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துவந்தாள். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் அந்தப் பியானோவைத் தன் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியிருந்தாள். ஓசூரில் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அப்பா ஸ்டோர் கிளார்க்காக இருந்த கம்பெனியின் குவார்ட்டர்ஸில் மூன்று வீட்டுக்காரர்கள், ஜூன் மாதம் முதல் தங்கள் பிள்ளைகளை அத்தையிடம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். பியானோ வந்து சேர்ந்தால் அத்தைக்குப் பிழைப்பு உண்டு. வராவிட்டால் இல்லை. வீட்டில் இதைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது. அத்தையின் கணவரான மாமா எப்போது வருவார் என்று நான் கேட்டதற்கு மட்டும் இருவருமே, "அப்புறம்" என்றார்கள்.

செக்போஸ்ட் ஆபீசர் தெற்கத்திக்காரர். குடையைப் பிடித்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் வந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது, பீரோவைப் படுக்கப் போட்டிருக்கியளா?"

"பியானோங்க சார். வீட்டுச் சாமானுங்க. தங்கச்சியோடது" என்றார் அப்பா.

"போன வாரம் ஒருத்தன் இப்படித்தான், வீட்டுக் கட்டில்னு சொன்னான். எண்ணிப் பாத்தா பதினெட்டு கட்டில். ஒரு வீட்டுல பதினெட்டு பேருமா படுத்தே கெடப்பான்? விக்கதுக்குக் கொண்டுபோனா வரி. வீட்டுச் சாமான்னா ஒண்ணுமில்ல. ரசீதைக் காட்டும், தடுப்பைத் தூக்கச் சொல்லுதேன்."

அப்பா சட்டைப்பையைத் தடவினார். அதில் ரசீது இல்லை என்பது எனக்குத் தெரியும். பெரியவர்கள் மறந்துவிட்டதை ஞாபகப்படுத்துவது என் கடமை என்று அந்த வயதில் ஒரு நம்பிக்கை.

"ரசீது மாமா பீரோவுல இருக்குதுங்க சார்" என்றேன்.

அப்பா என் தோளைப் பிடித்தார். பாசத்தில் பிடித்ததாகத் தெரியவில்லை.

"மாமா எங்கல?"

"பின்னால வர்றாருங்க" என்றார் அப்பா.

"இல்லப்பா. மாமாவுக்கு இன்னிக்குக் குதிரைப் பந்தயம். அது முடிஞ்சாத்தான் வீட்டுக்கே வருவாரு. அதுக்குள்ளதானே நாம ஏத்துனோம்."

பாய் திடீரென்று பலமாக இருமினார். ஆபீசர் குடையைச் சற்றுச் சாய்த்து, லாரியின் முன்பக்கத்திலிருந்து இறங்கி நின்ற அத்தையைப் பார்த்தார். அத்தையின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை துணி சுற்றியிருந்தது. கதவில் நசுங்கியது என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். அவர்கள் வீட்டில் மொத்தம் மூன்று கதவுகள். மூன்றும் லேசான பலகை. அதில் எது இப்படி நசுக்கும் என்று நானும் யோசித்துத்தான் பார்த்தேன்.

"உம்ம பொருள்னா வாசிச்சுக் காட்டும்மா" என்றார் ஆபீசர், கொஞ்சம் மெதுவாக.

அத்தை கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கையில முடியாதுங்க."

"அப்ப ரசீது வரட்டும். அதுவரைக்கும் சாமான் இங்கயே கெடக்கட்டும்."

"இறக்கச் சொன்னா இறக்கறேன் சாப்" என்றார் பாய். "ஏத்தறதுக்கு ஆறு பேர் வேண்டியிருந்துச்சு. யானைக் குட்டி செத்த மாதிரி கனம். இங்க நீங்க, நான், இவரு, உங்க பியூன், நாலே பேர்."

ஆபீசர் சிரிக்கவில்லை. அப்பா மணி பார்த்தார். நான்கு ஐம்பத்தைந்து. இந்த முறை மணியைச் சொல்லவில்லை, சாலையை மட்டும் பார்த்தார். பெங்களூர்ப் பக்கமிருந்து ஒரு டாக்ஸி வந்தது. அது எங்களைத் தாண்டிப் போகும்வரை அத்தை லாரிச் சக்கரத்தின் மறைவில் நின்றாள்.

"என் அண்ணன் பையன் வாசிப்பான்" என்றாள் அங்கிருந்தே. "நான்தான் சொல்லிக்குடுத்தேன். இதே பியானோவுல."

மூன்று விடுமுறைகளில் அத்தை வீட்டில் தங்கிக் கற்றவன் நான். இரண்டு கையையும் சேர்த்து வாசிக்க வரும். கட்டை விரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்து மேலே போக வரும். அதற்குமேல் எதுவும் உறுதியில்லை. அரைகுறை என்று சொன்னால் அப்போது எனக்குக் கோபம் வரும். என் கைவசம் நான்கு பாட்டுகள் இருந்தன. எனக்குப் பிடித்தது, இடது கை தடதடவென்று ஓடும் ஒன்று. அதற்கு நான் வைத்திருந்த பெயர் ரயில் பாட்டு. அதில் முதல் பக்கம் மட்டும் தெரியும். எனக்குப் பிடிக்காதது, மெதுவாக, சோகமாகப் போகும் ஒரு சின்னப் பாட்டு. அதன் பெயர் அழுமூஞ்சிப் பாட்டு.

இப்போது நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் கீபோர்டு படிக்கும் பிள்ளைகள் ஒன்பது பேர். ஆண்டு விழாவில் ஒன்பது பேரும் அவரவர் கைக்கு எட்டாத பாட்டையே எடுக்கிறார்கள், ஒன்பது பேரும் பாதியில் நிற்கிறார்கள், பெற்றோர் கைதட்டுகிறார்கள். பாட்டு எடுப்பதில் அத்தைக்குக் கண்டிப்பு உண்டு. கை அகலத்துக்குள் அடங்குகிறதா, இடது கை இருந்த இடத்திலேயே இருக்கிறதா, கடைசிவரை வாயால் முனக முடிகிறதா என்று பார்ப்பாள். புதிதாக ஒரே ஒரு சங்கடம் இருக்கலாம், இரண்டு கூடாது. முக்கியமாக, முடிக்க வேண்டும். முடிக்காத பாட்டை அவள் பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கமாட்டாள்.

லாரியில் ஏறினோம். அத்தை ஒற்றைக் கையால் பலகையைப் பிடித்து ஏறினாள். அந்த லாரி காலையில் தக்காளி ஏற்றிப்போன லாரி. தரையெல்லாம் நசுங்கிய தக்காளியும் மழைத் தண்ணீரும். பியானோவின் ஒரு மூலையில் தார்ப்பாய் கிழிந்து ஒழுகியிருந்தது. அப்பாவும் பாயும், பக்கத்து வண்டிகளிலிருந்து கூப்பிட்ட நான்கு பேரும் மூச்சுப் பிடித்து அதை நிமிர்த்தி வைத்தார்கள். அத்தை மூடியைத் திறந்து இடது கையால் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கட்டைகளுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். நடு சி பேசியது. டி, ஈ, எஃப் பேசின. அதற்கு அடுத்த ஜி அழுத்தினால் உள்ளே போனது, மேலே வரவில்லை. ஈரத்தில் மரம் ஊதிவிட்டது. நகத்தால் அதைக் கிளப்பி எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி உள்ளேயே நின்றது.

"ரயில் பாட்டு வாசிக்கிறேன் அத்தை" என்றேன்.

"அதுல ஜி இல்லாத வரியே கிடையாது கண்ணு. அந்த அணிவகுப்புப் பாட்டுலயும் ஜி. நடனத்துக்கு வாசிக்கிறதுல ஜிதான் ஆரம்பமும் முடிவும்." கண்ணை மூடி ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். "மெதுவான பாட்டு. அதுல அந்த ஜி ரெண்டே இடத்துல வருது."

"அழுமூஞ்சிப் பாட்டா? அது குழந்தைங்க வாசிக்கறது."

"அது உன் கைக்குள்ள இருக்குது. ஜி வர்ற ரெண்டு இடத்துலயும் விரலைத் தூக்கிக்கோ. ஒரு எண்ணிக்கை சும்மா விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. நிக்காதே."

"ஓட்டையா இருக்கும் அத்தை."

"இருக்கட்டும்."

"என்னல, கச்சேரிக்கு மேளக்காரன் வரணுமா?" என்றார் கீழேயிருந்து ஆபீசர்.

டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். கீழே ஆபீசர், பியூன், அப்பா, பாய், தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த வண்டிகளின் கிளீனர்கள் ஆறேழு பேர். இத்தனை பேர் பார்க்கும்போது குழந்தைகள் பாட்டை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. ரயிலைக் கிளப்பிவிட்டேன்.

மூன்றாவது வரியில் ஜி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. விரல் அதில் தட்டி அடுத்தது தப்பியது, அதற்கடுத்ததும் தப்பியது, இடது கை தனியாகக் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. கிளீனர்கள் சிரித்தார்கள்.

"அவ்வளவுதானா? இதை எங்க வீட்டுப் பூனையும் வாசிக்குமேய்யா" என்றார் ஆபீசர். பியூனைப் பார்த்து, "ஆளுங்களக் கூப்புடு, எறக்கட்டும்" என்றார்.

"சார், சார், பையன் பயந்துட்டானுங்க. இன்னொரு தடவை" என்றார் அப்பா. அப்பா யாரிடமும் அப்படிக் கைகூப்பி நான் பார்த்ததில்லை. கூப்பிய கையில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க அவர் படும் பாடும் தெரிந்தது.

அத்தை என்னைத் திட்டவில்லை. குனிந்து, நகத்தால் ஜியைக் கிளப்பி எடுத்துவிட்டு, "வாசி" என்றாள்.

அழுமூஞ்சிப் பாட்டை ஆரம்பித்தேன். இடது கைக்கு இரண்டிரண்டு கட்டைகள்தான், நகரவே வேண்டாம். வலது கைக்கு ஐந்து விரல், ஐந்து கட்டை, கறுப்புக் கட்டை ஒன்று. தூறல் தார்ப்பாயில் விழும் சத்தத்துக்கு நடுவே அது எனக்கே புதிதாகக் கேட்டது. எண்ணிக்கொண்டே வாசித்தேன். முதல் ஜி வரும் இடம் வந்தது. விரலைத் தூக்கினேன்.

அந்த ஓட்டையில் அத்தையின் குரல் வந்தது. வார்த்தையில்லை. ஒரே ஒரு சுரம். சரியாக ஜியின் உயரம், சரியாக ஒரு எண்ணிக்கை நீளம். அடுத்த கட்டையை நான் தொட்டதும் நின்றுவிட்டது.

எனக்குக் கோபமாக வந்தது. என் பாட்டில் இவள் ஏன் நுழைகிறாள்? ஆனால் நிற்கக் கூடாது. போய்க்கொண்டே இருந்தேன். இரண்டாவது ஜியிலும் அதேபோல் வந்தாள். குரல் அந்த முறை சற்று நடுங்கியது, உயரம் மட்டும் மாறவில்லை. கடைசி இரண்டு கட்டைகளை அழுத்தி, பாட்டை முடித்தேன்.

கிளீனர்கள் சிரிக்கவில்லை. ஆபீசர் என்னைப் பார்க்கவில்லை, இதுவும் எனக்குக் குறைதான். அவர் குரல் வந்த அத்தையின் கழுத்தைப் பார்த்தார், பிறகு துணி சுற்றிய கையைப் பார்த்தார். குடையை மடக்கினார்.

"உங்க வீட்டுப் பொருள்தாம்மா. சந்தேகமில்ல" என்றார். பியூன் பக்கம் திரும்பி, "தடுப்பைத் தூக்குலே" என்றார்.

பாய் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினார். ஆபீசர் சட்டைப்பையிலிருந்து எட்டணா எடுத்து என் கையில் வைத்தார். "நல்லா வாசிச்சே. முட்டாய் வாங்கிக்கோ." எனக்குத் தலை கால் புரியவில்லை. வாசித்ததற்கு நான் வாங்கிய முதல் சம்பளம். திங்கட்கிழமை யார் யாரிடம் சொல்வது என்று மனதுக்குள் வரிசை போட ஆரம்பித்தேன்.

அப்போது ஆபீசர் அப்பாவின் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தப் பக்கத்துலேர்ந்து யாரும் வந்து கேட்டா, இப்படி ஒரு வண்டி வரவே இல்லன்னு சொல்லிருதேன். பெட்டியும் பாக்கல, பாட்டும் கேக்கல. வெரசாப் போங்க."

அப்பா தலையை ஆட்டினார். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை பேர் பார்க்க, மழையில், ஒரு கட்டை இல்லாமல் கடைசிவரை வாசித்திருக்கிறேன். கேட்டவரே கேட்கவில்லை என்று சொல்லப்போகிறார், அதற்கு அப்பா தலையாட்டுகிறார். இப்படியும் ஒரு அநியாயம் உண்டா?

"நான் வாசிச்சேனே சார்!" என்று கத்தினேன். "நீங்க கேட்டீங்களே!"

"நான் ஒண்ணும் கேக்கலியே தம்பி" என்றார் அவர், சிரிக்காமல்.

எங்களை முன்பக்கம் ஏற்றிக்கொண்டு லாரி நகர்ந்தது. என் பாட்டை இல்லையென்று சொல்கிறவரின் காசு எனக்கெதற்கு? ஜன்னல் வழியாக அதை அவர் காலடியில் வீசிவிட்டேன். சேற்றில் விழுந்தது. அன்றைய கணக்கில் எனக்கு நஷ்டம், ஐம்பது காசு.