கைப்பைக்குப் பின்னால் ஒரு வக்கீல்

ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே தெரியும்படி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, நீதிமன்றப் படிக்கட்டில் நின்றபடி தன் கறுப்பு அங்கியைத் தட்டித் தட்டி எடுக்கிறார் வக்கீல் அம்மா. தோள், முழங்கை, முதுகில் கை எட்டுகிற வரைக்கும். நாடாவோடு வருகிற முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது பேக்கரிக்காரர் வீட்டுது. இந்தச் செம்பட்டை யாருதுன்னு தெரியலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கிற யாராவது, "வீட்டுல நிறைய நாய் வளக்குறீங்களா மேடம்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. "ஒண்ணுகூடக் கிடையாது. இதெல்லாம் கட்சிக்காரங்க என் நாற்காலியில உதிர்த்துட்டுப் போனது."

அந்த வட்டாரத்தில் அவருக்கு நாய் வக்கீல் என்று பெயர். நாய் கடித்து வழக்கு, நாயை அவிழ்த்துவிட்டதாக வழக்கு, ஆபத்தான நாயை வளர்ப்பதாக வழக்கு என்று மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரையும் மற்ற வக்கீல்கள் இவரிடம் கைகாட்டிவிடுகிறார்கள். பட்டப்பெயரைப் பற்றி அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "பூனை வழக்கு வந்தாலும் எடுப்பேன். பூனை எங்க மாட்டுது? அதுக்கெல்லாம் சாமர்த்தியம் ஜாஸ்தி" என்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு நாயென்றால் நடுக்கம். தெருவில் ஒன்று எதிரே வந்தால் பெரிய கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிடுவார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது அவருடைய அலுவலகம். மாடிப்படியின் அடியில் ஒரு கொக்கியும் தண்ணீர்க் கிண்ணமும் உண்டு. நாயோடு வருகிறவர்கள் அதைக் கொக்கியில் கட்டிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். "பயப்படுற நீங்க எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று நான் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். "பயம் இருக்கறதாலதான் கடி வாங்கினவர் என்ன சொல்றார்னு எனக்குப் புரியுது. அது புரியாம உங்களுக்கு என்னத்த வாதாடுறது?" என்றார்.

அவரிடம் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு. வருகிற ஒவ்வொருவரும் நாற்காலியில் உட்காருவதற்குள் அதைத்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன்: "எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க மேடம்."

"பண்ணிடுச்சு. அதனாலதான் நீங்க இங்க உக்காந்திருக்கீங்க. இன்னொரு தடவ அதைச் சொன்னா நான் எழுந்து டீ குடிக்கப் போயிடுவேன். முதல்ல சொல்லுங்க, கடி வாங்கினவர் கை எப்படி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கவில்லை. வக்கீல் அம்மா எதிர்த்தரப்பு வக்கீலிடம் விசாரித்து, தையல் பிரித்தாகிவிட்டது, விரல்களை மடக்க முடிகிறது, வலி மட்டும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எனக்குச் சொன்ன பிறகுதான் வழக்கையே கையில் எடுத்தார்.

நடந்தது இதுதான். மச்சினன் நாயை உலாவக் கூட்டிப்போகக் கேட்டைத் திறந்தான். ஒரு கையில் வார், இன்னொரு கையில் போன். பார்சல் கொண்டுவருகிற தம்பி ஹெல்மெட்டைக் கழற்றாமல் சட்டென்று உள்ளே வந்துவிட்டார். நாய் துள்ள, வார் கைநழுவியது. மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் மச்சினனைப் பார்த்து "புடி! புடி!" என்று அலறினேன். அதற்குள் நாய் அந்தத் தம்பியின் முன்கையைக் கவ்விவிட்டது.

அந்தத் தம்பி காவல் நிலையத்தில் பொய் எதுவும் சொல்லவில்லை. "மேலேருந்து புடி புடின்னு கத்தினார், நாய் கடிச்சிடுச்சு" என்றார். காதில் விழுந்தது அதுதானே! ஆனால் அந்த இரண்டு சொல்லில் என் தலையெழுத்து மாறிப்போனது. கைநழுவிக் கடித்தால் அது கவனக்குறைவு. ஏவிவிட்டுக் கடித்தால் எனக்குச் சிறை, நாய்க்கு உயிரை எடுக்கிற ஊசி. நாயை அன்றைக்கே வண்டியில் ஏற்றிக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கு முடியும்வரை எங்கள் வீட்டார் யாரும் அதைப் பார்க்கவே கூடாது என்று உத்தரவு.

எனக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. அடுத்தவன் வாக்கியத்தில் எழுவாய் எங்கே, செயப்படுபொருள் எங்கே என்று சிவப்பு மையால் கேட்டே சோறு தின்கிறவன். எழுவாயும் இல்லாமல் விளியும் இல்லாமல் ஒரு வினைச்சொல்லைப் பால்கனியிலிருந்து வீசிவிட்டு மாட்டிக்கொண்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். "மச்சினனைச் சொன்னதானால் அவனை அழைத்திருக்கலாமே? 'புடி' என்பது யாருக்குச் சொல்லும் சொல் என்று ஊருக்கே தெரியாதா?" என்று கேட்டார்.

வக்கீல் அம்மா வேலை செய்கிற விதமே தனி. நமக்கு விளக்கம் சொல்லவே வாய்ப்புத் தரமாட்டார். "அர்த்தம் வேணாம். வார்த்தையைக் குடுங்க" என்பார். அன்று யார் என்ன சொன்னார்களோ அதை அதே குரலில், அதே சத்தத்தில் சொல்லிக்காட்ட வேண்டும். அவர் அலுவலகத்தில் நின்று நான் "புடி! புடி!" என்று கத்தியதில், கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் படியேறி வந்து என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார். மச்சினன் அன்றைக்கு விட்ட கெட்டவார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டான். "சொல்லுப்பா, நான் கேக்காததா?" என்றார். சொன்னான். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

எங்கள் வழக்கைத் திருப்பியது என் மனைவி. அவளுக்கே அது தெரியாது. அவ்வளவு நேரம் மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள், "அங்க அவர் சாப்பிட்டாரோ என்னவோ. வெறுந்தரையில படுக்கவே மாட்டார் மேடம், முட்டி வலிக்கும் அவருக்கு" என்றாள்.

"உங்க அப்பாவா? ஆஸ்பத்திரியில இருக்காரா?"

"இல்ல மேடம். நாயைச் சொல்றேன்."

வக்கீல் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நாய்க்கு எதுக்கும்மா 'அவர்'?"

அசடு வழிந்துகொண்டே நான்தான் விளக்கினேன். குட்டியாக வந்தபோதே அதற்குப் புருவம் வெள்ளை. கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்ததுபோல் ஒரு முகக்களை. என் மனைவி பார்த்ததும் "பெரியவர் வந்துட்டார்" என்றாள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பெயர் பெரியவர் என்றான பிறகு "பெரியவரே, வாடா" என்று எப்படிச் சொல்வது? எழுவாய்க்குப் பயனிலை பொருந்த வேண்டாமா? அதனால் வாங்க, உக்காருங்க, போதும் குலைக்காதீங்க என்றே பேசிப் பழகிவிட்டோம். எங்கள் வீட்டில் வாடா போடா வாங்குகிற ஒரே ஜீவன் மச்சினன்தான்.

"அப்போ அன்னிக்கு நாய்கிட்ட சொல்லியிருந்தா..."

"புடிங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

வக்கீல் அம்மா சிரிக்கவில்லை. "இதை நான் கோர்ட்டுல சொன்னா, வழக்குக்காகச் சோடிச்ச கதைம்பாங்க. நாய் வாயாலயே சொல்லட்டும்" என்றார். மறுநாளே அந்த நடுங்குகிற அம்மா, கைப்பையை அணைத்துக்கொண்டு, ஊர்ப்பட்ட நாய்கள் குலைக்கிற காப்பகத்துக்குள் தனியாகப் போனார். அங்கே பராமரிக்கிறவர், "இதுவா? சுத்த மண்டைக்கனம் மேடம். உக்காருன்னாலும் கேக்காது, வான்னாலும் கேக்காது. இதையெல்லாம் வெளிய விடக்கூடாது" என்று குறைப்பட்டிருக்கிறார். "இதே வார்த்தையைக் கோர்ட்டு அனுப்புற டாக்டர்கிட்டயும் சொல்லுவீங்களா?" என்று கேட்டு உறுதி வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் நாயைத் திட்டினதற்காக இன்னொருவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை.

நீதிமன்றம் ஒரு கால்நடை மருத்துவரை அனுப்பிச் சோதனை பார்க்க ஒப்புக்கொண்டது. எங்களைக் கம்பிவேலிக்கு வெளியே, வண்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். பெரியவர் கண்ணில் நாங்கள் படக்கூடாது. இளைத்திருந்தார். என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பராமரிப்பாளர் "உக்காரு!" என்று அதட்டினார். பெரியவர் நின்றார். மருத்துவர் கையில் தடித்த உறையை மாட்டி நீட்டி, "புடி!" என்றார். பின்னால் யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பெரியவர் திரும்பிப் பார்த்தார். திரும்பவும் "புடி! புடி!" என்று கத்தினார் எதிர்த்தரப்பு வக்கீல். பெரியவர் கொட்டாவி விட்டார். அப்போது கூட்டத்தின் பின்னால், கைப்பைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய நின்றிருந்த நாய் வக்கீல், நடுங்குகிற குரலில் சொன்னார்:

"பெரியவரே, உக்காருங்க."

உட்கார்ந்தார். கொஞ்சம் முட்டியைப் பார்த்துத்தான், மெதுவாக.

"கை குடுங்க."

முன்னங்காலைத் தூக்கி அவரை நோக்கி நீட்டினார். எல்லோரும் வக்கீல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கால்கள் நகரவில்லை, பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பெரியவர் காத்திருந்து பார்த்தார். கடைசியில் மருத்துவர்தான் அந்தக் காலைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "பாவம், மரியாதையா வளந்த பிள்ளை" என்றார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பார்சல் தம்பியை விசாரித்த அன்று வேறு வக்கீலாக இருந்தால் குடைந்து எடுத்திருப்பார். இவர் முதலில் கேட்டது, "இப்ப கேட்டுக்குள்ள நுழையும்போது பயமா இருக்காப்பா?"

"இருக்குங்க. எந்தத் தெருவுல நாய் சத்தம் கேட்டாலும் கை நடுங்குது."

"எனக்கும் அப்படித்தான்" என்றார், நீதிபதி முன்னால். பிறகு, "அவர் கத்தினது யாரைப் பாத்துன்னு உனக்குத் தெரியுமா?"

அந்தத் தம்பி யோசித்தார். "தெரியாதுங்க. நான் நாயைத்தான் பாத்துட்டிருந்தேன். மேல பாக்கல."

அவ்வளவுதான் வழக்கு. ஏவிவிட்டதாகச் சொன்ன குற்றம் நிற்கவில்லை. கவனக்குறைவு நின்றது, அது நியாயம்தான். வெளியே போகும்போது வாய்மூடி, குட்டையான வார், கேட்டுக்கு உள்ளே இன்னொரு கதவு என்று நிபந்தனை. ஊசி இல்லை. தீர்ப்பைக் கேட்டதும் நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. "முதல்ல அந்தத் தம்பிகிட்டப் போய்ப் பேசுங்க. வழக்கு முடிஞ்சிடுச்சு, இப்பப் பேசலாம்" என்று என்னைத் திருப்பிவிட்டார். போனேன். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க. அவரைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார் அவர். அவரும் 'அவர்' என்றே சொன்னார். அன்றைக்கு எனக்கு வாய்த்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

காப்பகத்திலிருந்து பெரியவரை அழைத்துவரப் போனபோது வக்கீல் அம்மாவும் வந்தார். கையெழுத்து போட வேண்டியிருந்தது என்றார். பராமரிப்பாளர் கதவைத் திறந்து, "வாங்க பெரியவரே, வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார். அவரும் பழகிவிட்டிருந்தார். பெரியவர் என் மனைவி மேல் விழுந்து, மச்சினன் முகத்தை நக்கி, என் செருப்பை மோந்து கணக்கு முடித்த பிறகு, சுவரோரம் ஒண்டி நின்ற வக்கீல் அம்மாவைக் கவனித்தார். மெதுவாக அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே முன்னங்காலைத் தூக்கி நீட்டினார்.

நான் வாரை இழுக்கப் போனேன். "இருங்க" என்றார் வக்கீல் அம்மா. முகம் வெளுத்திருந்தது. குனிந்து கைப்பையைத் தரையில் வைத்தார். கண்களை இறுக மூடிக்கொண்டு, அந்தக் காலை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.