டானா ஆற்றில் பதினான்காவது நோட்

செவ்வாய்க்கிழமை காலை 9.40. இல்ஃபோர்டிலிருந்து ரயில் பிடித்து லண்டன் நகருக்குள் வந்து அலுவலகத்தில் உட்கார்ந்தபோது, கென்யாவிலுள்ள அணையின் நீர்மட்டம் என் திரையில் சிவப்பாகியிருந்தது. அங்கே மலையில் இரவு முழுக்க மழை.

அணையிலிருந்து வரும் அளவுகளைக் கணினி மாடலில் ஓட்டி, உபரிநீரை வெளியேற்றும் ஸ்பில்வே கேட்டுகளை எப்போது, எவ்வளவு திறக்கலாம் என்று சொல்வது எங்கள் வேலை. கீழே டானா ஆற்றங்கரை ஊர்கள் எங்களுக்கு மாடலின் வரைபடத்தில் வெறும் புள்ளிகள், நோட் எண்கள். பதினான்காவது நோட் பொகோமோ இனத்தவரின் ஊர். ஆறு பெருகி வடியும்போது விட்டுப்போகும் வண்டலில் நெல்லும் சோளமும் விதைக்கிறவர்கள். அந்த விவசாயத்தைப் பற்றி ஆய்வு செய்யப் போன என் மகள் துஷாரா அங்கேதான் தங்கியிருந்தாள்.

"அம்மா, உங்கட நோட் பதினாலிலை என்னைச் சாப்பிடு சாப்பிடு எண்டு கொல்லுகினம். உங்களை மாதிரியே," என்று அதற்கு முந்தின கிழமை போனில் சீண்டினாள்.

உடனே திறந்தால் சில ஊர்கள் மூழ்கும். பிந்தினால் அணை நிரம்பி வழிந்து, கழிமுகம் வரை எதுவும் மிஞ்சாது. மாடல் அதைத் தெளிவாகக் காட்டியது. உடனே திறந்தால் முதலில் மூழ்குவது பதினான்காவது நோட். தண்ணீர் போய்ச்சேர இரண்டு நாள்.

துஷாராவின் போன் எடுபடவில்லை. மழையில் டவர் விழுந்திருந்தது.

மேலதிகாரி ரகுராமன் கோயம்புத்தூர்க்காரர். என் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், நீங்க எழுந்திருங்க. இதுல நான் கையெழுத்துப் போடுறேன்."

"கணக்கு என்ரை. நானே போடுறன்."

"பொண்ணு அங்க இருக்கான்னு தெரிஞ்சுமா?"

"ஓம். மற்றவையின்ரை பிள்ளையளும் அங்கைதானே இருக்கினம்."

திறக்கச் சொல்லி அனுப்பினேன். கீழ்க்கரை ஊர்களுக்கு அறிவிக்கும்படி ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரி நாலைந்து அலுவலகங்களைத் தாண்டிப் போகவேண்டும். தண்ணீருக்கு அப்படியில்லை.

வெள்ளிக்கிழமைதான் செய்தி வந்தது. எல்லோரும் உயிருடன் இருந்தார்கள். எங்கள் அறிவிப்பு தண்ணீருக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது; மாமரங்களிலும் தோணிகளிலும் ஏறித் தப்பியிருந்தார்கள். அறுக்க நின்ற சோளமும் விதைக்கு வைத்திருந்த நெல்லும் போய்விட்டன. மாடலின் கணக்குத் தவறவில்லை என்று அலுவலகத்தில் கைதட்டினார்கள். என் கைகள் மேசையை விட்டு எழும்பவில்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் மாடலைப் பற்றித்தான் என்னிடம் கேட்பார்கள். நான் அவர்களுக்கு முதலில் சொல்வது, வெள்ளத்துக்கு அடுத்த கிழமை துஷாரா வீடு வந்து சேர்ந்த அன்று சொன்னதைத்தான்.

வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்தேன். என் தோளில் முகத்தை வைத்தபடி சொன்னாள்:

"அவைக்குத் தண்ணியிலை கோவம் இல்லை அம்மா. தண்ணி வேணுமாம். ஆனா தண்ணிக்கு முதல் ஒரு ஆள் வரோணுமாம்."