கடுகு சாஸ் எடுக்கப் போன ஜினெட்

மெரிடனில் பெண் கேட்டு வருகிறவனிடம் முதலில் கேட்க வேண்டியது வேலையைப் பற்றியல்ல, பேஸ்பால் அணியைப் பற்றி: பாஸ்டனா, நியூயார்க்கா? ஊர் அந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. இந்த வீடு பாஸ்டன் என்றால் அடுத்த வீடு நியூயார்க். ஜினெட் திபோ அதைக் கேட்காமல் ரோக்கோ மார்கெட்டிக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள். தேனிலவுக்குப் போன இடத்தில் அவன் பெட்டியைத் திறந்தால், உள்ளே நியூயார்க்கின் கருநீலத் தொப்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. பாஸ்டன்காரி அவள். அன்றைக்கே ஊர் திரும்பியிருப்பாள், கார் அவனுடையதாகப் போய்விட்டது.

பிறகு முப்பத்தோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இரண்டு கட்சி. செப்டம்பர் கடைசியில் இரண்டு அணிகளும் மூன்று ஆட்டம் மோதும்போது வீட்டில் ஒரு பந்தயம் நடக்கும். யாருடைய அணி தோற்கிறதோ அவர் திங்கட்கிழமை முழுக்க எதிரியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். ரோக்கோ குழாய் ரிப்பேர் செய்பவன். தோற்றால் பாஸ்டன் தொப்பியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வருவான். ஜினெட்டுக்கு ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் கவுண்டர். அவள் தோற்றால் அணியின் எழுத்து பின்பக்கம் போகிற மாதிரி தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். தொப்பி போடணும் என்றுதானே பேச்சு, எந்தப் பக்கம் என்று யார் சொன்னது என்பாள். பன்னிரண்டு தடவை தோற்றிருக்கிறாள். ஒரு தடவைகூட நேராகப் போட்டதில்லை.

போன மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு காலுக்கு பூட்ஸ் கயிறு கட்டி முடித்த நிலையில் ரோக்கோவுக்கு நெஞ்சு வலித்தது. அவ்வளவுதான். ஜினெட் அழுததை யாரும் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. இப்படியா போவான் ஒரு மனுஷன்?

செப்டம்பர் வந்தது. இந்த முறை இரண்டு அணிகளும் சமநிலையில் இருந்தன. மூன்றில் இரண்டு ஜெயிக்கிறவர்களுக்கு அடுத்த சுற்று, தோற்கிறவர்களுக்கு வீடு. மூன்று தெரு தள்ளி இருக்கும் தம்பி நார்மன், அக்காளைவிடப் பெரிய பாஸ்டன் பைத்தியம், தன் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னான். அவள் வரமாட்டேன் என்றாள். சரி, அங்கேயே உட்கார், ஆனால் நம் ஆட்கள் முன்னால் இருக்கும்போது நாற்காலியை விட்டு அசையாதே என்று எச்சரித்தான். திபோ குடும்பத்தின் சட்டம் அது. அவர்கள் அப்பா ஒரு தடவை அவசரம் தாங்காமல் கழிப்பறைக்குப் போய்விட்டார், பாஸ்டன் தோற்றது. சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பாஸ்டன் ஜெயித்தது. சனிக்கிழமை நியூயார்க். அன்று சாயங்காலம் ஜினெட் ரோக்கோவின் ஸ்கோர் நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தாள். அவன் ஒவ்வொரு வருஷமும் இந்த மூன்று ஆட்டங்களையும் பந்துக்குப் பந்து பென்சிலால் எழுதி வைப்பான். இந்த வருஷப் பக்கம் காலியாகக் கிடக்கக் கூடாது என்று அவள் எழுத ஆரம்பித்திருந்தாள். குறிகள் சிலது பிடிபடவில்லை, பழைய நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மற்றதெல்லாம் புரிந்துவிட்டது. ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. கட்டங்களின் ஓரத்தில் ஒரு குட்டி வட்டம், அதற்குள் அவள் பெயரின் முதல் எழுத்து. பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக் கட்டத்தில் நியூயார்க் ரன் எடுத்திருந்தது.

ஒரு மணி நேரம் மண்டையைக் குடைந்தாள். பிறகு பளிச்சென்று விளங்கியது. கடுகு சாஸ்!

ஆட்டம் சூடு பிடிக்கும்போதெல்லாம் ரோக்கோ சொல்வான்: "ஜினெட், முட்டி வலிக்குது. அந்தக் கடுகு சாஸை எடுத்துட்டு வாயேன்." அவளும் பாவம் என்று எழுந்து போவாள். ஏணி வைத்துக் கூரை ஏறுகிற முட்டிக்கு ஃப்ரிட்ஜ் வரைக்கும் நடக்க முடியாதா என்று ஒரு நாளாவது யோசித்தாளா? தட்டிலேயே சாஸ் இருந்த நாளில்கூடப் போயிருக்கிறாள். அவள் அறையை விட்டுப் போனால் நியூயார்க் அடிக்கும் என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, முப்பத்தோரு வருஷம் வாயைத் திறக்காமல் ஏய்த்திருக்கிறான் படுபாவி. அவள் நோட்டை மூடி வைத்து, மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ அழுகையாக மாறியது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் கடைசி ஆட்டம், நியூயார்க்கில். கடைசி இன்னிங்ஸ். பாஸ்டன் நாலு, நியூயார்க் மூணு. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒரே ஒருவன் பாக்கி. ஆனால் நியூயார்க் ஆட்கள் இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் போச்சு. ஜினெட் நாற்காலிக் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. கடுகு சாஸ் கேட்க யாரும் இல்லை. அசையாமல் இருந்தால் போதும், அவளுடைய பாஸ்டன் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஆனால் பாஸ்டன் ஜெயித்தால் நாளைக்கு யார் தொப்பி போடுவார்கள்?

"முட்டி வலியாம், முட்டி வலி," என்று முணுமுணுத்தபடி எழுந்து சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கடுகு சாஸ் புட்டி மார்ச்சில் இருந்த இடத்திலேயே இருந்தது, மூடியைச் சுற்றி அவன் துடைக்காமல் விட்ட கறை காய்ந்து போயிருந்தது. கையில் எடுத்தாள். கூடத்து டிவியில் நாற்பதாயிரம் பேர் கத்தினார்கள். ஆட்டம் நியூயார்க்கில் நடக்கிறது, யார் கத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

திரும்பி வந்து புட்டியை ரோக்கோவின் நாற்காலிப் பக்கம் வைத்தாள். நோட்டில் நியூயார்க்குக்கு இரண்டு ரன் எழுதினாள். ஓரத்தில் ஒரு குட்டி வட்டம் போட்டு, அதற்குள் தன் எழுத்தையும் போட்டாள். அதற்குள் போன் அடித்தது.

நார்மன்தான், கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. "உண்மையச் சொல்லு. எந்திரிச்சியா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா. கடுகு சாஸ் எடுக்கப் போனேன்."

"அந்த நேரத்துலயா? கடுகு சாஸா? யாருக்கு?"

"ரோக்கோவுக்கு."

அப்பாவை விடாத குடும்பம், தன்னை விடுமா என்று ஜினெட் காத்திருந்தாள். நார்மன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவன் தொப்பி எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போ," என்றான் நார்மன். "இந்தத் தடவையாவது நேராப் போடு."